இசைத்தட்டின் தரமும் விலையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஓர் இசைத்தட்டின் மதிப்பு எதனால் அமைகிறது என்னும் வினா, மேலோட்டமாகப் பார்க்கையில், வணிகர்க்கும் சேகரிப்பாளர்க்கும் மட்டுமே உரியது போலத் தோன்றும். ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வழங்கிய தமிழிசையையும் நாடகத்தையும் ஆராய முற்படுவோர் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்ல இயலாது. அக்காலத் தட்டுகளுள் பல நூலகங்களில் இல்லை. தனியார் வீடுகளிலும் பழம்பொருள் சந்தைகளிலும் சேகரிப்பாளரின் அலமாரிகளிலும் உள்ளன. அவற்றுள் எது பேணப்படும், எது குப்பைக்குச் செல்லும் என்பதைச் சந்தை தரும் தரக்குறியீடே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எனவே, அக்குறியீடு எவ்வாறு பிறந்தது, எதனை அளக்கிறது, எதனை அளக்கத் தவறுகிறது என்பவற்றைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தட்டின் உடலமைப்பு

தரமதிப்பீட்டைப் புரிந்துகொள்ளத் தட்டு எதனால் ஆனது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் அரக்கினால் ஆனவை. அரக்குப் பூச்சியிடமிருந்து கிடைக்கும் அவ்வரக்கை உலகிற்குப் பெருமளவில் வழங்கிய நாடு இந்தியா. அரக்குடன் நுண்ணிய கல்தூள் கலக்கப்பட்டது. எஃகு ஊசி தட்டின் வரிப்பள்ளத்திற்கு ஏற்பத் தேய்ந்து பொருந்துவதற்காகவே இக்கலவை கையாளப்பட்டது. ஊசியைத் தட்டே தேய்த்தது; தேய்ந்த ஊசி பின்னர் தட்டைத் தேய்த்தது. ஆதலால்தான் ஒரு பக்கம் ஒலித்து முடிந்ததும் ஊசியை மாற்றுமாறு நிறுவனங்கள் அறிவுறுத்தின. சிக்கனம் கருதிய வீடுகளில் ஓர் ஊசியே பல நாள் உழைத்தது. நூறு கிராமுக்கும் மேற்பட்ட எடையுடன் அழுந்திய அக்கால ஒலிப்பெட்டியின் கீழ், கரிய பளபளப்பு மறைந்து தட்டு நரைத்தது. சேகரிப்பாளர் 'நரைத்தல்' என இன்றும் குறிப்பிடுவது இதனையே.

1948ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33 1/3 முறை சுழலும் நெடுந்தட்டை வினைல் என்னும் நெகிழியில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுழற்சித் தட்டைக் கொண்டுவந்தது. பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட இயன்றது. நெடுந்தட்டிலோ இருபது நிமிடத்திற்கும் மேலாக இசை அடங்கியது. வினைல் எளிதில் உடைவதில்லை, இரைச்சலும் குறைவு. எனினும் அது கீறலுக்கு எளிதில் இடங்கொடுக்கும், நிலைமின்னேற்றத்தால் தூசியை ஈர்க்கும், வெப்பத்தில் வளையும். ஆகவே இருவகைத் தட்டுகளின் குறைபாடுகளும் வேறு வேறானவை. தூய்மைப்படுத்தும் முறையும் அவ்வாறே வேறுபடுகிறது. வினைல் தட்டுகளுக்கான கழுவுநீர்மங்கள் சிலவற்றில் ஆல்ககால் உண்டு. அதே நீர்மத்தை அரக்குத் தட்டின்மீது ஊற்றினால் அரக்கு கரைந்து இசையே அழிந்துபோகும். பள்ளிகளிலும் கோயில் மன்றங்களிலும் பழைய தட்டுகளை வைத்திருப்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

தரக்குறியீட்டின் தோற்றம்

கடையில் வாங்குபவர்க்குத் தரக்குறியீடு தேவையில்லை. அவர் தட்டைக் கையில் எடுத்து, விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து, விலை பேசுவார். காணாத பொருளை அஞ்சல்வழி வாங்கத் தொடங்கியபோதுதான் குறியீடு இன்றியமையாததாயிற்று. 1930களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜாஸ் இசை ஆர்வலர்கள், விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட தட்டுகளைத் தேடலாயினர். 1936இல் பிரான்சில் சார்ல் டெலோனே ஜாஸ் ஒலிப்பதிவுகளின் விரிவான பட்டியலை நூலாக வெளியிட்டார். எந்தத் தட்டு எப்போது யாரால் பதிவு செய்யப்பட்டது என்பது அறியப்பட்டதும், எதனைத் தேடுவது என்பதும் தெளிவாயிற்று.

1942இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'தி ரெக்கார்டு சேஞ்சர்' இதழும், 1953இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட 'விண்டேஜ் ஜாஸ் மார்ட்' இதழும் சேகரிப்பாளரின் விற்பனைப் பட்டியல்களுக்குக் களம் அமைத்துக் கொடுத்தன. நெருக்கமாக அச்சிடப்பட்ட அத்தகைய பட்டியல்களில் ஒவ்வொரு தட்டின் நிலையையும் ஓரிரு எழுத்துகளில் சொல்ல வேண்டியிருந்தது. இவ்விடநெருக்கடியே தரமொழியின் தாய் எனலாம். விண்டேஜ் ஜாஸ் மார்ட் இதழின் பெயரால் இன்றும் வழங்கும் அரக்குத்தட்டு அளவுகோல் ஆறு படிகளைக் கொண்டது. இடையிடையே கூட்டல், கழித்தல் குறிகள் நுண்வேறுபாட்டைக் காட்டும். புதிது போன்ற நிலையில் தொடங்கி, இசையும் இரைச்சலும் கேட்போரின் கவனத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இடைநிலையைக் கடந்து, மீட்க இயலாத நிலையில் அது முடிகிறது. அரக்குத் தட்டில் ஓரளவு இரைச்சல் இயல்பே என்பதை ஏற்றுக்கொண்டு அமைக்கப்பட்டமையே அவ்வளவுகோலின் சிறப்பாகும்.

இதே காலப்பகுதியில் தட்டுகள் அரியனவாவதற்குப் போரும் ஒரு காரணமாயிற்று. ஆசியாவிலிருந்து வந்த அரக்கு குறைந்தமையால், 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுத் தொழிலுக்கான அரக்குப் பயன்பாட்டை 70 விழுக்காடு குறைத்தது. புதிய தட்டுகள் செய்வதற்காகப் பழைய தட்டுகள் திரட்டப்பட்டு அரைக்கப்பட்டன. இன்று ஓரிரு படிகளாக மட்டும் எஞ்சியுள்ள பல தட்டுகளின் மற்றப் படிகள் இவ்வாறும் அழிந்திருக்கும் என்பது எண்ணத்தக்கது.

கோல்ட்மைன் அளவுகோல்

வினைல் தட்டுகளைப் பொறுத்தவரை உலகெங்கும் பரவலாக வழங்குவது, 1974இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'கோல்ட்மைன்' இதழின் அளவுகோலாகும். பிரிட்டனின் 'ரெக்கார்டு கலெக்டர்' இதழும் தனக்கென ஓர் அளவுகோலை வகுத்துள்ளது. இரண்டிலும் ஒரே சொல் வேறு வேறு நிலையைக் குறிப்பதுண்டு. ஆதலால் விற்பவர் எவ்வளவுகோலைப் பின்பற்றுகிறார் என்பதை அறியாமல் வாங்குதல் தவறாக முடியும்.

கோல்ட்மைன் முறையின் முதல் நிலை 'மிண்ட்'. நாணயச்சாலையிலிருந்து நேரே வந்த, கைபடாத காசைக் குறிக்கும் இச்சொல் நாணய, அஞ்சல்தலைச் சேகரிப்பாளரின் வழக்கிலும் உண்டு. எல்லா வகையிலும் குறையற்ற தட்டுக்கு மட்டுமே உரிய இத்தரத்தை அருகியே வழங்க வேண்டும் என்பது மரபு. அடுத்தது 'நியர் மிண்ட்': ஏறக்குறைய குறையற்றது. வணிகர் பலர் இதற்கு மேல் எத்தரமும் தருவதில்லை. மூன்றாவது 'வெரி குட் பிளஸ்': ஒலிக்கப்பட்ட அடையாளம் தெரியும், கேட்பதற்கு இடையூறு இராது. நான்காவது 'வெரி குட்': மெல்லிய இசைப்பகுதிகளில் இரைச்சல் கேட்கும், நகத்தால் தொட்டால் உணரத்தக்க கீறல்கள் இருக்கும். ஐந்தாவது 'குட்': ஊசி தாவாமல் இறுதிவரை ஓடும்; ஆயின் இரைச்சல் மிகுதி. கடைசியாக 'பூர்', 'ஃபேர்' ஆகியன: விரிசலுற்றவை, வளைந்தவை, ஊசி தாவுபவை.

இங்கே மொழியாசிரியர் கருத வேண்டிய ஒன்றுண்டு. 'குட்' என்பதை 'நல்லது' எனப் பெயர்த்தால் படிப்பவர் ஏமாறுவர். அத்தரத்திலுள்ள தட்டு நல்ல தட்டன்று, தாழ்ந்த தட்டே. வணிக மொழியின் இடக்கரடக்கல் இது. ஆதலின் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் நிலையைச் சுட்டும் வகையில் மாசிலாநிலை, புதுநிகர், மிகுநன்று, நன்று, தேய்ந்தது, சிதைந்தது எனத் தமிழில் வழங்கலாம் என்பது நம் பரிந்துரையாகும்.

தரம் விலையாக மாறும் விதமும் அவ்வளவுகோலில் அடங்கியுள்ளது. புதுநிகர்த் தட்டின் விலையில் மிகுநன்று பாதியையும், நன்று கால்பங்கையும், தேய்ந்தது 10 முதல் 15 விழுக்காட்டையும் பெறும். சிதைந்தது 5 விழுக்காட்டைத் தாண்டாது. புதுநிகர் நிலையில் 200 ரிங்கிட் பெறும் ஒரு தட்டு, ஒரு படி இறங்கினால் 100 ரிங்கிட், இரு படி இறங்கினால் 50 ரிங்கிட், தேய்ந்தால் 20 முதல் 30 ரிங்கிட் வரை மட்டுமே பெறும். ஒரு கூட்டல் குறிக்காக விற்பவரும் வாங்குபவரும் ஏன் வழக்காடுகின்றனர் என்பது இக்கணக்கால் விளங்கும். தரம் வழங்குபவரே விற்பவராகவும் இருப்பது இம்முறையின் உள்ளார்ந்த இடர். அதனால்தான் தன் தட்டைத் தானே ஒரு படி குறைத்து மதிப்பிடும் வணிகர்க்கு இத்துறையில் நற்பெயர் நிலைக்கிறது.

தட்டும் உறையும் தனித்தனியே மதிப்பிடப்படும். உறையில் தட்டின் விளிம்பு பதிந்த வளையத்தேய்வு, ஓரப்பிளவு, ஒட்டுத்தாள், பெயர் எழுதிய தடம் ஆகியன குறைகளாகக் கருதப்படும். நடுத்துளையைச் சுற்றி முகப்புத்தாளில் விழுந்த கோடுகள், தட்டு எத்தனை முறை சுழல்மேடையில் ஏற்றப்பட்டது என்பதற்குச் சான்றாகும். பார்த்து மதிப்பிடுதல், கேட்டு மதிப்பிடுதல் என இருமுறைகள் உள்ளன. நூற்றுக்கணக்கில் விற்பவர் ஒவ்வொன்றையும் கேட்டு மதிப்பிட இயலாது; ஆகவே பெரும்பாலான தரங்கள் கண்ணால் வழங்கப்படுபவையே. செவிக்குரிய பொருளைக் கண் மதிப்பிடுகிறது என்பது இத்துறையின் முரண்.

அருமையும் அச்சுப்படியும்

தரம் ஒன்றே விலையைத் தீர்மானிப்பதில்லை. எப்படி, எந்த ஆலையில், எத்தனையாவது முறை அச்சானது என்பவையும் கருதப்படும். முகப்புத்தாளுக்கும் இசைப்பள்ளத்திற்கும் இடைப்பட்ட வெற்றுப்பகுதியில் பதிந்துள்ள எண்கள் இதற்குத் துணை செய்யும். இ.எம்.ஐ. நிறுவனத்தின் இங்கிலாந்துத் தட்டுகளில் எந்த அச்சுவார்ப்பு பயன்பட்டது என்பதைக் குறிக்க ஒரு மறைகுறி வழங்கியது. 'கிராமபோன் லிமிடெட்' என்பதன் சுருக்கமான பத்து ஆங்கில எழுத்துகள் முறையே 1 முதல் 9 வரையும் பின் சுழியத்தையும் குறித்தன. இதை அறிந்தவர் முதல் வார்ப்பில் வந்த தட்டைப் பின்வந்தவற்றிலிருந்து பிரித்தறிவர். ஏட்டுச்சுவடியின் படிமரபைக் காணும் பதிப்பாசிரியரின் பணிக்கு இது பெரிதும் ஒத்தது.

அருமைக்கு ஓர் எடுத்துக்காட்டாக டாமி ஜான்சன் என்னும் கறுப்பினப் பாடகரின் தட்டைக் கூறலாம். விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்யும் நிறுவனமொன்று நடத்திய பாரமவுண்ட் வணிகப்பெயரில் வெளிவந்த அத்தட்டின் இரண்டே படிகள் அறியப்பட்டிருந்தன. 2013இல் இணையவழி ஏலத்தில் அவற்றுள் ஒன்று 37,100 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. இந்தியாவுக்கும் இத்தகைய சிறப்புண்டு. மேலைநாடுகள் 78 சுழற்சித் தட்டைக் கைவிட்ட பின்னரும், கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலை அவற்றைத் தொடர்ந்து அச்சிட்டது. மின்வசதியற்ற வீடுகளில் விசைச்சுருள் கிராமபோன்களே இருந்தமை இதற்குக் காரணம். அதனால் 1960களின் பீட்டில்ஸ் பாடல்கள் இந்தியாவில் அரக்குத் தட்டுகளாக வெளிவந்தன. அவை இன்று மேலைநாட்டுச் சேகரிப்பாளரால் பெருவிலைக்குத் தேடப்படுகின்றன.

தமிழ்த் தட்டுகளும் நம் வட்டாரமும்

பிரெட் கெய்ஸ்பெர்க் தலைமையிலான கிராமபோன் நிறுவனக் குழு 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தது. கௌஹர் ஜான் அப்போது பாடியவர்களுள் ஒருவர். அதே பயணத்தில் அக்குழு 1903இல் சிங்கப்பூரிலும் ஒலிப்பதிவு செய்தது. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை திறக்கப்படும் வரை, இந்தியப் பதிவுகள் செருமனியின் ஹானோவர் நகரில் அச்சாகிக் கப்பலேறி வந்தன. தென்னாட்டுக் கலைஞரின் குரல்களும் அந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டிலேயே தட்டேறின. கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டை ஆதாரமாகக் கொண்டே பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் தம் 'ராகமாலிகா' என்னும் படைப்பை அமைத்தார்.

1930களில் தமிழ்த் தட்டு வணிகம் பெருகியது. ஏ.வி. மெய்யப்பன் பங்குதாரராக இருந்த சென்னைச் சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளை வெளியிட்டது. கோவலன், வள்ளி திருமணம் போன்ற நாடகங்கள் பல தட்டுகள் கொண்ட தொகுதிகளாக விற்பனையாயின. அத்தட்டுகள் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தன. நாய் உருவம் பொறித்த எச்.எம்.வி. தட்டை மலாய்க்காரர் 'சாப் அஞ்சிங்' என்றும் தமிழர் 'நாய் மார்க்' என்றும் வழங்கினர்.

1980களில் ஒலிநாடா பரவியதும் தட்டுகள் வீட்டுக்கு வேண்டாதனவாயின. சென்னையில் பழைய தட்டுகளுக்கும் நூல்களுக்கும் புகழ்பெற்றிருந்த மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 சூலை 10ஆம் நாளுடன் மூடப்பட்டது. இவை வெறும் கடைகள் அல்ல. ஒரு சமூகத்தின் ஒலி கைமாறிய இடங்கள். இன்று அவ்விடத்தைப் பெருமளவு இணையம் பற்றியுள்ளது. 2000இல் தொடங்கப்பட்ட 'டிஸ்காக்ஸ்' தளம் கோல்ட்மைன் அளவுகோலையே தன் சந்தைக்கு விதியாக்கியதால், ஓர் அமெரிக்க இதழின் தரமொழி கோலாலம்பூரிலும் சென்னையிலும் விற்போரின் மொழியாயிற்று. 2020இல் அமெரிக்காவில் வினைல் தட்டுகளின் வருவாய், 1986க்குப் பின் முதன்முறையாகக் குறுந்தட்டுகளின் வருவாயை விஞ்சியது. இம்மறுமலர்ச்சியால் இளையராஜா இசையமைத்த படங்களின் நெடுந்தட்டுகள் போன்றவையும் மீண்டும் தேடப்படுகின்றன.

தரமும் வரலாறும்

இங்கேதான் நம் முதன்மையான வினா எழுகிறது. சந்தையின் தரம் அடிப்படையில் பயன்படுத்தாமையையே அளக்கிறது. யாரும் கேளாத தட்டு உயர்தரம். ஊரே கூடிக் கேட்ட தட்டு இழிதரம். தோட்டப்புறத்தில் ஒரே கிராமபோனைச் சுற்றி அமர்ந்து பல குடும்பங்கள் கேட்ட தட்டு நரைத்திருக்கும், விரிசலும் கண்டிருக்கும். நம் நாட்டின் ஈரக்காற்றில் உறையிலும் முகப்புத்தாளிலும் பூஞ்சணம் படிந்திருக்கும். அளவுகோலின்படி அது 5 விழுக்காட்டுக்கும் தகுதியற்றது. வரலாற்றாய்வாளர்க்கோ அத்தேய்வே ஒரு சான்று: எப்பாடல் விரும்பிக் கேட்கப்பட்டது என்பதை இரு பக்கங்களின் தேய்வு வேறுபாடே சொல்லும்.

இவ்வாறே, முகப்புத்தாளில் கடைக்காரர் குத்திய முத்திரையும், உறையில் உரிமையாளர் மையால் எழுதிய பெயரும் நாளும் சந்தையில் விலையைக் குறைக்கும். ஆய்வாளர்க்கு அவை ஊர், கடை, காலம் ஆகியவற்றைக் காட்டும் ஆவணங்கள். தரத்தை உயர்த்தும் பொருட்டு அவற்றைத் துடைத்தழிப்பதும், பழைய தாளுறையை எறிந்துவிட்டுப் புதியதை இடுவதும் கல்வெட்டைச் சுண்ணாம்பு பூசி அழகுபடுத்துவதற்கு ஒப்பாகும்.

தேய்ந்த தட்டு ஒலியாலும் முற்றிலும் பயனற்றதன்று. பழைய எஃகு ஊசி பள்ளத்தின் சுவரில் குறிப்பிட்ட ஓர் உயரத்தையே தேய்த்தது. இன்றைய ஒலிமாற்று வல்லுநர் பல அளவுகளில் முனைகொண்ட ஊசிகளை வைத்திருப்பர். தேய்ந்த பகுதிக்கு மேலோ கீழோ பொருந்தும் ஊசியைத் தேர்ந்தால், கண்ணுக்குச் சிதைந்ததாகத் தோன்றும் தட்டும் தெளிவாகப் பாடும். ஆகவே, கண்ணால் வழங்கிய தரத்தை நம்பித் தட்டை எறிவது, கேளாமலே தீர்ப்பளிப்பதாகும்.

இதன் விளைவு என்னவாகும் என்பதற்கு எஸ்.ஜி. கிட்டப்பாவை நினைத்துப் பார்க்கலாம். 1906இல் பிறந்து 1933இல் மறைந்த அவர் திரைப்படம் எதிலும் நடித்ததில்லை. தமிழ் நாடக மேடையை ஆண்ட அக்குரல் இன்று தட்டுகளின் வழியாக மட்டுமே நம்மை வந்தடைகிறது. அவருடைய தட்டொன்றின் எஞ்சிய ஒரே படி நரைத்ததாக இருப்பின், அதனைத் தரம் தாழ்ந்ததென ஒதுக்க யாருக்கும் உரிமையில்லை.

சேகரிப்பாளரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நிறுவனங்கள் கவனியாதிருந்த காலத்தில் தட்டுகளைக் காத்தவர்கள் அவர்களே. 1990இல் மும்பையில் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இதற்குச் சான்று. 'யங் இந்தியா' என்னும் உள்நாட்டு நிறுவனத்தின் தட்டுகள் எண்ணிமமாக்கப்பட்டதில் அச்சங்கத்தினரின் உழைப்பு பெரிது. தட்டு எண், வார்ப்பு எண், முகப்புத்தாள் நிறம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் ஒழுங்கையும் ஆய்வாளர் அவர்களிடமிருந்தே கற்றனர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் தரக்குறியீடு என்பது தொலைவிலிருந்து வாங்குவோரின் நம்பிக்கையைக் காக்கப் பிறந்த மொழி என்பது பெறப்படும். அந்நோக்கத்திற்கு அது செவ்வனே உதவுகிறது. விற்பனைக்குரிய அம்மொழியையே பாதுகாப்புக்குரிய மொழியாகவும் கொள்வதுதான் பிழை. ஆதலால் நம் பல்கலைக்கழகங்களும் தமிழ்ப்பள்ளிகளும் ஒவ்வொரு தட்டுக்கும் இரு மதிப்பீடுகளைப் பதிதல் வேண்டும்: ஒன்று சந்தைத்தரம், மற்றொன்று ஆவணத்தரம். பின்னதில் எஞ்சியுள்ள படிகள், முத்திரை, கையெழுத்து, வாங்கிய ஊர், கேட்ட குடும்பம் ஆகியன இடம்பெற வேண்டும். இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டா. ஓர் ஏடும், பொறுமையும், தட்டை வைத்திருக்கும் முதியோரிடம் அமர்ந்து கேட்கும் செவியும் போதும். மாணவர் தம் பாட்டனார் வீட்டுப் பரணிலிருந்து ஒரு தட்டைக் கொணர்ந்தால், அதன் விலையைக் கேட்கும் முன் அதனை வாங்கியவர் யார் எனக் கேட்கப் பழக்குவோமாக. அவ்விடையைச் சொல்லக்கூடியோர் நம்மிடையே இருக்கும் காலம் நெடிதன்று.